பசியாறும் தெருவும் கள்ளுக்கடையும்

மலேசியத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பசியாறுதல். ‘பசியாறியாச்சா?’ என்று ஒருவர் கேட்டால் நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும். வாரநாட்களில் நான் கிள்ளானில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறவன். ஏறுமிடத்துக்குப் பக்கத்தில் ஜாலான் தெங்கு கிளானா, இறங்குமிடத்துக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன். இரண்டு தெருவிலும் நன்றாகப் பசியாறலாம். எந்தக் கடையில் எது ருசி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கடைகள் யாருக்காக வந்தன என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் தண்டவாளம் போட்ட வழி. 1881-ல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. இனிமேல் செங்கல்லில் கட்டுங்கள் என்று ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-ல் பாலம் தாண்டி கிள்ளான் பட்டணத்துக்கே வந்தது. 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனையும் குவார்ட்டர்ஸும் வந்தன. பேனா பிடித்த கிராணிகளில் யாழ்ப்பாணத் தமிழர் அதிகம். தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் அதிகம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு யாராவது சோறு போட்டாக வேண்டுமே! நாம் இன்று ‘பனானா லீஃப்’ என்று படம் எடுத்துப் போடும் சாப்பாட்டுக்குப் பின்னால் அந்தத் தனியாள்களின் பசி இருக்கிறது.

கிள்ளான் கதை இன்னும் கனமானது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பட்டணத்துக்கு வந்தால்தான் சாப்பாட்டுக் கடை. ஆனால் குடிக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. பல தோட்டங்களில் நிர்வாகமே லைசென்ஸ் எடுத்துக் கள்ளுக்கடை வைத்திருந்தது. கள் இல்லாவிட்டால் திருட்டுச் சம்சு குடித்துச் சாவார்கள், கள்ளில் சத்து உண்டு என்றெல்லாம் அதற்கு நியாயம் சொன்னார்கள். துரை கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே திரும்பிப் போனது.

‘தோட்டத்துத் தமிழன்னா குடிகாரன்’ என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். நம்மவர்களே பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் 1941-ஐப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டிய கிள்ளான் இந்தியர் சங்கத்தின் முகம் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல மருத்துவம், பெண்களைச் சீண்டுவதற்கு முடிவு என்று நீளும் கோரிக்கைகளில் இரண்டு என்னை நிறுத்திவிட்டன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இன்னொன்று.

யாரைக் குடிகாரர் என்கிறோமோ, அவர்கள்தான் கடையை மூடு என்று கேட்டார்கள். மே மாதம் நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கடைகள் மூடப்படவில்லை. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் அதே கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அதுவும் 1947-ல் போலீசாருடன் மோதலில் போய் முடிந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாள் முழுக்க மரம் வெட்டியவனுக்கு உட்கார்ந்து நாலு பேரோடு பேச கள்ளுக்கடையை விட்டால் வேறு இடம் எது? படித்த சீர்திருத்தவாதிகள் அதைக் கணக்கில் எடுத்தார்களா என்பது நியாயமான கேள்வி. குடி ஒழிய வேண்டும் என்றவர்கள், உட்கார வேறு இடம் தரவும் யோசித்திருக்க வேண்டும்.

அந்த இடத்தைப் பிறகு சாப்பாட்டுக் கடைகள்தான் கொடுத்தன என்று நினைக்கிறேன். ஜாலான் தெங்கு கிளானாவில் பாரதன் மாதா விலாஸின் மீ கோரெங்கைச் சாப்பிட்டுப் பாருங்கள். சீனர் கொண்டுவந்த மஞ்சள் மீ, நம் ஆள் கைமசாலா, மலாய்ப் பெயர். துரையும் கிராணியும் கூலியும் தனித்தனியாக வாழ்ந்த ஊரில், ஒரே மேசையில் யார் வேண்டுமானாலும் எதிரே உட்காரலாம் என்பது சின்ன விஷயமில்லை. பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பிடித்தது லோரோங் ஸ்காட்டின் லாவண்யா ஒட்டுக்கடை. தட்டை நீட்டினால் போதும், என்ன சாதி என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஜாலான் தம்பிபிள்ளையில் பீசாங் கோரெங் வாங்க நிற்கும் வரிசையில் எல்லா இனமும் உண்டு.

2001-ல் பழைய ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறந்தது. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் சேர்ந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகள் வந்தன. ரயில்வே ஊழியர் குடியிருந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ அதற்குப் பிறகு இடிபட்டது. வளைவைக் கட்டியவர்களுக்கு அந்த வீடுகளில் ஒன்றையாவது விட்டுவைக்கத் தோன்றவில்லை.

கிள்ளான் பக்கம் பசியாற வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். மீ கோரெங் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் 1941 கோரிக்கைகளைப் போனில் தேடி வாசியுங்கள். சைக்கிள் வரியை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.