சார்டொனேயும் கித்துளும்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பர் ஒருவர், கேகாலையில் ஓர் இரவு விருந்தில் சார்டொனே எனும் வெள்ளைத் திராட்சையின் பெருமையை நெடுநேரம் எடுத்துரைத்தார். பிரான்சின் பர்கண்டியே அதன் தாயகம். இன்று உலகெங்கும் வெள்ளை வைனுக்காகப் பயிராகிறது. அவர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. உயர்குலத்தது என்று போற்றப்பட்ட அத்திராட்சையின் பெற்றோரை 1999இல் வெளியான மரபணு ஆய்வு கண்டறிந்தது. ஒன்று புகழ்பெற்ற பினோ. மற்றதோ, குடியானவர்கள் வளர்த்த, நடுவதற்கே சில காலம் தடை விதிக்கப்பட்டிருந்த குவே பிளாங்!

எனக்குக் கித்துள் நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கு 3500 மி.மீ.க்கும் மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் திராட்சை தேறாது. இந்நாட்டில் அதற்கு வாய்த்தது யாழ்ப்பாணத்து வறண்ட நிலமே. சப்ரகமுவவின் வெண்ணிற மது கித்துளினது. கூந்தற்பனை என்பது அதன் தமிழ்ப் பெயர். நன்கு முதிர்ந்த பின்னரே அது பூக்கும். முதற்பாளை உச்சியில் தோன்றும். அடுத்தடுத்தவை கீழ்நோக்கி வரும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுவிடும். சீவிய பாளையில் வடியும் நீரைக் காய்ச்சினால் பாணி, மேலும் இறுக்கினால் கருப்பட்டி, அப்படியே விட்டால் கள்.

திராட்சைக்குக் குலமரபு எழுதிய வெள்ளையர், கள்ளுக்கு எழுதியது வரிக்கணக்கையே. ஒல்லாந்தர் காலத்துச் சாராயக் குத்தகையை ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தையொட்டி, கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் ஏராளமாகத் திறக்கப்பட்டன. (தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே.) இறப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்த காலம் அது. லயத்துத் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு, தவறணை வழியே திறைசேரிக்குத் திரும்பியது.

இதனை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க ஆகியோர் அதில் முன்னின்றனர். 1915 கலவரத்தின்போது சிறையும் புகுந்தனர். அவர்களுள் டி. எஸ். சேனநாயக்கவே நாட்டின் முதற் பிரதமரானார். அவரது அரசாங்கம் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமைக்குப் பாட்டன் பிறந்த இடத்துக்கும் சான்று தேடியலைந்த அம்மக்களிடம், தவறணையில் வரி செலுத்துவதற்கு மட்டும் எவரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் அன்றிரவு சொல்லவில்லை. மறுநாள் காலை எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்கிக் கொடுத்தேன். பாணிப் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே அவர் விமானம் ஏறினார்.