அணி: ஒரு சொல்லின் இரு வாழ்வு

நாட்டுக்கு வரலாறு இருப்பது போலவே சொல்லுக்கும் வரலாறு உண்டு. இலக்கிய வகுப்பிலும் கணித வகுப்பிலும் வழங்கும் 'அணி' என்னும் சொல்லின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

அணி என்பதற்கு அழகு, ஆபரணம், வரிசை, படைவகுப்பு எனப் பல பொருள்கள் உள. தொல்காப்பியம் உவமையை உவமவியலில் விரித்துரைத்தது. அணிக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அலங்காரத்தை ஐந்தாம் அதிகாரமாக அமைத்தது. பின்னர் வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் எழுந்தது. இவ்வாறு, மேனிக்கு ஆபரணம் போலச் செய்யுளுக்கு அழகு தருவது அணி எனப்பட்டது.

கணிதத்திலோ, எண்களை வரிசைப்படுத்தி அடைப்புக்குள் எழுதும் அமைப்புக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அணி என்று பெயரிட்டுள்ளன. வரிசை என்னும் பழம்பொருள் இதற்கு நன்கு இயைகின்றது. ஆங்கிலேயராகிய சில்வெஸ்டர் 1850இல் இவ்வமைப்புக்கு 'மேட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். இலத்தீனில் அதற்குக் கருப்பை என்பது பொருள். அவருடைய நண்பர் கெய்லி 1858இல் அதன் கணக்கியலை வகுத்தார்.

இரு வயல்களின் விளைச்சலை எழுதுகின்றோம் என வைத்துக்கொள்வோம். முதல் வயலில் காலபோகத்துக்கு 40 மூடை, சிறுபோகத்துக்கு 25 மூடை. அதன் கீழே இரண்டாம் வயலுக்கு 30, 20. குறுக்கே செல்வது நிரை. மேலிருந்து கீழே செல்வது நிரல். இவற்றுள் ஓர் எண் இடம் பெயர்ந்தால், அது வேறொரு வயலுக்கோ வேறொரு போகத்துக்கோ உரியதாகிவிடும். எண் மட்டும் அன்று, அது நிற்கும் இடமும் பொருள் தருகின்றது.

இதே நெறியை நம் அணியிலக்கணமும் அறிந்திருந்தது. நிரல்நிறை என்னும் அணியில் சில பொருள்களை முதலில் வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு உரியவற்றை அதே வரிசையில் பின்னர் நிறுத்துவர். 'குளமும் வயலும் நீரும் நெல்லும் தரும்' என்றால், குளம் நீரையும் வயல் நெல்லையும் தரும் என்று கொள்கின்றோம். வரிசையே பொருளை இணைக்கின்றது. பின்னதை மாற்றி 'நெல்லும் நீரும்' என நிறுத்தினால் அது எதிர் நிரல்நிறை. அதற்கும் இலக்கணம் இடந்தந்துள்ளது.

கணித அணியிலும் முறைமாற்றம் பொருளை மாற்றும். 3ஐ 5ஆல் பெருக்கினும் 5ஐ 3ஆல் பெருக்கினும் 15தான். ஆனால் இரு அணிகளை முறைமாற்றிப் பெருக்கினால் விடை பெரும்பாலும் வேறாகும். வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கே செல்வோர் மாங்குளத்துக்கு முன்னர்ப் புளியங்குளத்தை அடைவர். அப்பெயர் புளியால் அடையாளம் பெற்ற குளத்தைக் குறிக்கும். முறைமாற்றிக் 'குளத்துப்புளி' என்று சொன்னாலோ, குளக்கரை மரமே பொருளாகும். சொற்கள் அவையே, மாறியது முறை.

எனினும், புளியங்குளத்து மாணவர் தம் கணித நூலில் அணி என்ற சொல்லைக் காண்பதில்லை. இலங்கைப் பாடநூல்கள் அதனைத் 'தாயம்' என்கின்றன. தாயம் என்பது மரபில் உரிமைச் சொத்தையும் கவறாட்டத்தையும் குறிக்கும். தாய் என்ற சொல்லோடு ஒலியால் நெருங்கி, இலத்தீனின் கருப்பையையும் நினைவூட்டுகின்றது. தாயமும் பொருத்தமற்ற சொல் அன்று.

ஆயினும், தாயம் மட்டும் பயின்ற மாணவர் தமிழ்நாட்டுக் கணித நூலொன்றை விரித்தால், 'அணிகள்' என்னும் தலைப்பைக் கண்டு செய்யுளிலக்கணமோ என மயங்க நேரும். கருத்தை அறிந்தவரும் பெயரால் தடைப்படுவர். கடல் கடந்து ஒரே மொழியில் நூல்கள் பரிமாறப்படும் இக்காலத்தில் இஃது ஓர் இழப்பேயாகும். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை ஏற்க வேண்டுவதில்லை. தாயத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அணியையும் உடன் சொல்லட்டும்; நிரல்நிறையையும் ஒருமுறை எடுத்துக்காட்டட்டும். கணிதமும் இலக்கணமும் ஒரே மொழியின் இரு வீடுகள் என்பது அப்போது மாணவருக்குத் தானே விளங்கும்.