நாற்கரமும் நிரூபணமும்

இணைகரத்தைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு மாணவர் எழுந்து இவ்வாறு கேட்பது வழக்கம்: "ஐயா, எதிர்ப்பக்கங்கள் சமம் என்பது அளவுகோலை வைத்து அளந்தாலே தெரிகிறதே! பின் எதற்காக ஒரு பக்கம் முழுவதும் நிரூபணம் எழுத வேண்டும்?" அறிவுடைய கேள்வி இது. இதற்கு விடை கூற ஈராயிரம் ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை இளைஞர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

மனிதன் முதலில் அளந்தான், பின்னரே நிரூபித்தான். நைல் நதி வெள்ளம் ஒருவனது நிலத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோனால், எஞ்சியதை அளந்து வரியைக் குறைக்க எகிப்திய மன்னனின் அலுவலர்கள் வந்தனர் என்றும், வடிவ கணிதம் அதிலிருந்தே பிறந்திருக்கலாம் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். ஆயினும் அளவு என்பது அளந்த அந்த ஒரு வயலுக்கே பொருந்தும். உலகில் வரையப்பட்ட, இனி வரையப்படப்போகும் எல்லா இணைகரங்களையும் யார் அளக்க முடியும்?

கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூக்ளிட், 'மூலங்கள்' என்னும் நூலைப் பதின்மூன்று பகுதிகளாக இயற்றினார். முதற்பகுதியில் 48 தேற்றங்கள் உள்ளன. அவற்றுள் 34ஆவது தேற்றமே நம் மாணவர் படிக்கும் இணைகரத் தேற்றம். அதன் வழியைக் காண்போம்.

கசடத என்பது ஓர் இணைகரம் என்க. கச என்னும் பக்கம் தட என்னும் பக்கத்திற்கு இணை. கத என்னும் பக்கம் சட என்னும் பக்கத்திற்கு இணை. கட என்னும் மூலைவிட்டத்தை வரைக. கச, தட ஆகிய இணைகோடுகளை மூலைவிட்டம் வெட்டுவதால், சகட, தடக என்னும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். அதுபோலவே கத, சட ஆகிய இணைகோடுகளை அது வெட்டுவதால், சடக, தகட என்னும் ஒன்றுவிட்ட கோணங்களும் சமம். மூலைவிட்டமோ இரு முக்கோணங்களுக்கும் பொதுவான பக்கம். எனவே இரு முக்கோணங்களும் சர்வசமம். ஆகவே எதிர்ப்பக்கங்கள் சமம், எதிர்க்கோணங்களும் சமம். அளவுகோலை நாம் தொடவேயில்லை. ஆயினும் எல்லா இணைகரங்களையும் பற்றிய ஓர் உண்மை நம் கைக்கு வந்துவிட்டது.

இனி, இந்நிரூபணம் எதன்மீது நிற்கிறது என்று கேட்போம். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதன்மீது நிற்கிறது. அது யூக்ளிட்டின் 29ஆவது தேற்றம். அத்தேற்றமோ அவருடைய ஐந்தாம் எடுகோளின்மீது நிற்கிறது. இரு நேர்கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது, ஒரே பக்கத்தில் அமையும் உட்கோணங்களின் கூட்டுத்தொகை இரு செங்கோணங்களுக்குக் குறைவாயின், அக்கோடுகள் அப்பக்கத்தில் சந்திக்கும் என்பதே அவ்வெடுகோள். முதல் 28 தேற்றங்களில் யூக்ளிட் அதைப் பயன்படுத்தவில்லை. மற்ற எடுகோள்களைப் போல் எளிமையாய் இல்லாத இதனை நிரூபித்தே ஆகவேண்டும் என்று பல நாட்டு அறிஞர்கள் முயன்றனர்.

பாரசீகக் கவிஞராக நாம் அறிந்த உமர் கய்யாம் சிறந்த கணித மேதையும் ஆவார். அவர் 1077இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு அடிக்கோட்டின் இரு முனைகளிலும் சமநீளமுள்ள இரு செங்குத்துக் கோடுகளை நிறுத்தி, மேல்முனைகளை இணைத்தார். இந்த நாற்கரத்தின் மேற்கோணங்கள் இரண்டும் சமம் என்பதை ஐந்தாம் எடுகோள் இன்றியே நிரூபிக்கலாம். ஆனால் அவை செங்கோணங்கள்தாமா? விரிகோணங்களா? குறுங்கோணங்களா?

1733இல் இத்தாலியப் பாதிரியார் சாக்கேரி இதே நாற்கரத்தை எடுத்துக்கொண்டார். யூக்ளிட் குற்றமற்றவர் என்று நிலைநாட்டுவதே அவர் நோக்கம். விரிகோணம் என்பது முரண்பாட்டில் முடிந்தது. குறுங்கோணம் என்பதோ முரண்படவில்லை. புதிய புதிய தேற்றங்களைத் தந்துகொண்டே சென்றது. இறுதியில் அவர், இது நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதது என்று கூறி ஒதுக்கிவிட்டார். யூக்ளிட்மீது கொண்ட பக்தியே அவர் கண்ணை மறைத்தது. புதியதோர் உலகின் வாயில்வரை வந்தவர், உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பினார்.

அவ்வாயிலைக் கடந்தவர்களுள் ஒருவர் ரஷ்ய நாட்டு லோபச்செவ்ஸ்கி. எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பாலும் உதவித்தொகையாலும் கசான் நகரில் பயின்று, அந்நகரின் பல்கலைக்கழகத்திற்கே தலைவரானவர் அவர். குறுங்கோணத்தை ஏற்றாலும் பிழையற்ற ஒரு வடிவ கணிதம் உருவாகும் என்று 1829இல் வெளியிட்டார். ஹங்கேரி நாட்டு இளைஞர் போயாயும் தனியே இதனைக் கண்டு 1832இல் வெளியிட்டார். அக்கணிதத்தில் நாற்கரக் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவு. செவ்வகம் என்பதே அங்கு இல்லை. அக்காலத்துப் பெரியோர் பலர் லோபச்செவ்ஸ்கியை மதிக்கவில்லை. கண்பார்வையை இழந்த நிலையிலும் தம் இறுதி நூலைப் பிறரைக்கொண்டு எழுதுவித்து, 1856இல் அவர் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1868இல், இத்தாலியரான பெல்த்ராமி, யூக்ளிட்டின் கணிதம் முரண்பாடற்றதாயின் இதுவும் அவ்வாறே என்று காட்டினார். ஐந்தாம் எடுகோளை ஏனையவற்றைக்கொண்டு நிரூபிக்கவே இயலாது என்பது அதனால் உறுதியாயிற்று. அதனை ஏற்றுக்கொண்ட கணிதத்தில் நம் இணைகரத் தேற்றம் என்றும் உண்மையே.

இளைஞர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? ஒரு கூற்றை நிலைநிறுத்துவது அதனைக் கூறியவரின் பெருமையன்று. அதற்குக் காட்டப்படும் காரணமே. யூக்ளிட்டே ஆயினும் "ஏன்?" என்னும் கேள்விக்கு உட்பட்டவரே. "கணக்கு நம் பிள்ளைகளுக்கு வராது" என்று யாரேனும் கூறினால், நீங்களும் அமைதியாகக் காரணம் கேளுங்கள். அதற்கு எந்த நிரூபணமும் இல்லை. நம்மவரிலும் சிலர் அதனை நம்பிவிடுவதே என் மனத்தை வருத்துகிறது.

யூக்ளிட்டின் நூல் அரபு மொழிவழியே இந்தியாவை அடைந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெயப்பூர் மன்னர் சவாய் ஜெயசிங்கின் ஆதரவில் ஜகந்நாதரால் வடமொழியில் பெயர்க்கப்பட்டது. அன்று அதனை எட்டக்கூடியவர் மிகச் சிலரே. இன்று அதே தேற்றம் தமிழில் நம் ஊர் அரசுப் பள்ளியின் கரும்பலகையில் எழுதப்படுகிறது. வடிவ கணிதத்தைக் கற்கச் சுருக்கு வழி உண்டா என்று தாலமி மன்னன் வினவ, அரசர்க்கெனத் தனிப்பாதை ஏதும் இல்லை என்று யூக்ளிட் விடையிறுத்ததாகப் புரோக்ளஸ் கூறியுள்ளார். அரசனுக்குத் தனிப்பாதை இல்லாத அந்த வழியில், நமக்கு அடைக்கப்பட்ட கதவும் இல்லை. இன்று மாலை ஒரு தாளை எடுத்து இணைகரம் ஒன்றை வரையுங்கள்; மூலைவிட்டத்தை இடுங்கள்; ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்குரிய காரணத்தை எழுதுங்கள்.