எதிரொலியின் திறவுகோல்

கொழும்பில் ஒலிபரப்பின் வரலாறு தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றில் தொடங்குகிறது. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் ஒலிபரப்பியை அமைத்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று.

அதன் தமிழ்ச் சேவையை விரும்பிக் கேட்ட நேயர்கள் கடலுக்கு அப்பாலும் இருந்தனர். அறிவிப்பாளர்களின் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எந்த ஒலி எந்த வழியாகச் செல்லவேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்து தீர்மானித்தவர்களை அறிந்தவர் சிலரே.

அக்காலத்தில் வானொலி நிலையங்கள் எதிரொலியை ஒலிநாடாவிலேயே உண்டாக்கின. பதிவு முனையில் பதிந்த குரல் சற்றுத் தள்ளியுள்ள வாசிப்பு முனையை வந்தடையச் சிறிது நேரம் ஆகும். நாடா விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடி, முனைகளுக்கிடையே 3.8 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால், தாமதம் 0.2 விநாடி. அந்தத் தாமதித்த ஒலியை மூல ஒலியுடன் கலந்தால் நாடகத்துக்கு வேண்டிய குகை தயார்!

அந்த வித்தை பின்னர் கணினிக்குள் புகுந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையையும், 1998இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையையும் வெளியிட்டது. பின்னதில் இருந்த இஎம்யு10கே1 என்ற சில்லு, விநாடிக்கு 48,000 மாதிரிகளாக ஒலியைக் கையாண்டது. அதே 0.2 விநாடி எதிரொலிக்கு 9,600 மாதிரிகளை நினைவகத்தில் நிறுத்திவைத்தால் போதும். நாடா செய்ததை இங்கே நினைவகம் செய்தது.

லினக்ஸ் பயனர்களுக்கு முக்கியமான ஆண்டு 1999. அவ்வாண்டில் அந்த அட்டைக்கான இயக்கியின் மூலநிரலைக் கிரியேட்டிவ் நிறுவனம் பொது உரிமத்தின்கீழ் திறந்துவிட்டது. எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்குப் போகவேண்டும், இடையில் எந்த விளைவு சேரவேண்டும் என்பதைச் சிறு நிரல்களாக எழுதிச் சில்லில் ஏற்றும் கருவிகள் பின்னர் வந்தன. கட்டுப்பாட்டு அறையின் அதிகாரம் வீட்டு மேசைக்கு வந்த கதை இது!

2003இல் வெளியான லினக்ஸ் 2.6 கருவில் அல்சா என்ற ஒலி அமைப்பு இடம்பெற்றது. பின்னர் பல்ஸ்ஓடியோ, இன்று பைப்வயர் என மேலடுக்குகள் மாறின. ஆனால் அந்தப் பழைய அட்டையின் இயக்கி இன்னும் கருவில் இருக்கிறது. அட்டை வெளிவந்து கால்நூற்றாண்டு கழிந்தபின், 2023இலும் அதில் திருத்தங்கள் செய்யப்பட்டன. மூலநிரல் மூடிய பெட்டியில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இதை நான் வெறும் வரலாறாக எழுதவில்லை. செய்தியாளனாக அலைந்த காலத்தில் பதிவு செய்த பேட்டிகள் களுபோவிலவில் என் அலுமாரியில் கசெற்றுகளாகக் கிடக்கின்றன. பேசியவர்கள் பலர் இன்று இல்லை. கொழும்பின் உப்புக்காற்றும் ஈரப்பதனும் நாடாக்களை விட்டுவைப்பதில்லை. பழைய கணினியின் லைன்-இன் துளையில் கசெற் கருவியை இணைத்து, அல்சாமிக்சரில் பதிவு மூலமாக அந்த உள்ளீட்டை மட்டும் தெரிந்து, மற்றவற்றை மௌனமாக்கி, ஒவ்வொன்றாகக் காப்பாற்றி வருகிறேன். எதிரொலியோ மெருகோ சேர்ப்பதில்லை. முதலில் உள்ளது உள்ளபடி பதியவேண்டும். திருத்தங்களைப் பிரதியில் செய்துகொள்ளலாம். மூலத்தில் கலந்துவிட்ட விளைவைப் பிரித்தெடுப்பது அரிது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் வாழும் அன்பர்களே, உங்கள் வீடுகளிலும் அம்மம்மாவின் குரலோ, ஊர்க் கோவில் திருவிழாவோ பதிந்த கசெற் ஒன்று இருக்கக்கூடும். நாடா ஒட்டிப்போகுமுன் அதை எடுத்துப் பாருங்கள். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.