ஊர்தோறும் சென்ற மேளம்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் விலக்கில் அமைந்துள்ளது கிருஷ்ணன்கோவில். பங்குனி, சித்திரை மாதங்களில் விடியற்பொழுதில் அவ்விலக்கில் பேருந்துக்காகக் காத்து நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். இரவெல்லாம் கண் விழித்த ஏழெட்டுப் பேர் தேநீர்க் கடை ஓரம் குந்தியிருப்பர். பழைய சேலைத் துணியால் சுற்றிக் கட்டிய தவிலும் பம்பையும் அவர்கள் காலடியில் இருக்கும். ஒருவர் கையில் நீண்ட உறைக்குள் நாகசுரம். முதல் நாள் இரவு ஓர் ஊரில் வாசித்து முடித்து, அன்றிரவு வேறோர் ஊருக்குச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். நையாண்டி மேளம் என்று உலகோர் வழங்கும் அந்தச் செட்டில் நம் மக்களின் பங்கு பெரிது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் மருத்துவரையும் பொறியாளரையும் பற்றி எழுதுவோர் பலர் இருப்பர். மேளக்காரரைப் பற்றி எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

வாத்தியங்களைக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ச் செல்வது நம் நாட்டில் இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் பாதிக்குப் பாதி. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், பதலை எனக் கருவிகள் வரிசையாக வருகின்றன. அவற்றைப் பையிலிட்டுக் கட்டிக் காவிக்கொண்டு ஒரு கூட்டம் நன்னனைக் காண மலைவழியே நடக்கிறது. எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே வழுக்கும், இருட்டிவிட்டால் எந்தக் குகையில் தங்கலாம் என்று முன்னே போய்வந்த கூத்தன் பின்னே போகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பதே அந்நூலின் பெரும்பகுதி. வகுப்பில் மாணவருக்கு இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு எம் தாய்மாமன் நினைவே வரும். எந்த ஊரில் இராத் தங்கச் சாவடி உண்டு, எந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள், எந்த ஊரில் பேசிய பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கையுமே குடிகளெனச் சிறப்பித்துள்ளார். நான்கில் இரண்டு, துடி என்றும் பறை என்றும் தோற்கருவியின் பெயரால் அமைந்தவை. பாணனோ இசையே தொழிலாக உடையவன். அன்று பெருமையாக இருந்த அப்பெயர் எப்போது இழிவாக மாறிற்று என்பது பெரிய ஆராய்ச்சி; இம்மலரின் பக்கங்கள் அதற்குப் போதா. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன என்ற ஒன்றை மட்டும் சொல்லி மேலே செல்வோம். பெரிய கோவில் எழும்பிய நாளிலேயே சேரியும் பிரிந்திருந்தது.

நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டியது பிற்காலத்துச் செய்தி ஒன்று. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது திருவில்லிபுத்தூர் வட்டமும் அதில் சேர்க்கப்பட்டது. 1985இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாம் இராமநாதபுரத்தாரே. அம்மாவட்டத்தின் சில பகுதிகளில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். தங்கமும் வெள்ளியும் அணியலாகாது, முழங்காலுக்குக் கீழ் வேட்டி இறங்கலாகாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்பன போன்றவை அவை. அவற்றை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அக்காலத்தில் குடிக்கணக்கு ஆணையராக இருந்த ஹட்டன் 1946இல் வெளியிட்ட நூலில் இப்பட்டியல் முழுவதும் அச்சாகியுள்ளது. அதில் நான்காவது தடை, பிள்ளைகள் எழுத்தறியவோ படிக்கவோ கூடாது என்பது. பத்தாவது தடை, தம் திருமணங்களிலும் பிற விழாக்களிலும் மேளம் வைக்கலாகாது என்பது.

இவ்விரண்டும் ஒரே தாளில் இடம்பெற்றமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரார் வீட்டு இழவுக்கு நாம் கொட்ட வேண்டும். ஊர்த் தெய்வம் புறப்படும்போது முன்னே நின்று முழக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்போது மட்டும் ஓசை எழக் கூடாது. தடை விதித்தவர்கள் படிப்பையும் மேளத்தையும் ஒருங்கே அஞ்சியிருக்கிறார்கள். நம்மிற் படித்தவர் பலர் மேளத்தைப் படிப்புக்குப் பகையாக மட்டுமே கருதி வந்துள்ளோம். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி செட்டின் வாழ்க்கையைச் சற்று விரித்துரைப்போம். நையாண்டி மேளத்தில் பெரும்பாலும் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை ஒன்று, தமுக்கு அல்லது உறுமி ஒன்று, தாளம் ஒன்று இருக்கும். ஊருக்கு ஊர் இது சிறிது கூடும், குறையும். மரத்தால் ஒன்றும் வெண்கலத்தால் ஒன்றுமாக இரண்டு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்தது பம்பை. தவிலின் வலந்தலையைக் கூடு அணிந்த விரல்களாலும் தொப்பியைக் கழியாலும் வாசிப்பர். நாகசுரக்காரர் சீவாளிகளை நூலில் கோத்துக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பார்; ஒன்று பிளந்தால் மறுகணம் அடுத்ததைப் பொருத்த வேண்டும். கரகம் ஆடுவோரும் குறவன் குறத்தி ஆடுவோரும் சேர்ந்தால் செட்டு நிறையும். கோவில் மேளத்துக்குப் பெரிய மேளம் என்ற பெயர். ஆட்டத்துக்கு வாசிக்கும் இதற்கு நையாண்டி என்ற பெயர். பெயரிலேயே ஒரு தாழ்வைக் கட்டி வைத்த சமூகம் இது.

மாசியில் தொடங்கும் ஆட்டக்காலம் ஆடியில் முடியும். பங்குனியில் விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் பொங்கல், திருவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் பூக்குழி, சித்திரை, வைகாசியில் சிற்றூர்க் கொடைகளும் பொங்கல்களும், ஆடியில் இருக்கன்குடி. இவற்றுக்கிடையே முளைப்பாரி, அக்கினிச்சட்டி ஊர்வலம், காது குத்து, பூப்புனித நீராட்டு. ஆடிக்குப் பின் கையில் வேலை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் நமுத்துவிடும்; வீட்டில் அடுப்பும் நமுத்துவிடும். அப்பொழுது ஏஜெண்டிடம் வாங்கும் முன்பணம், அடுத்த ஆட்டக்காலம் முழுவதையும் விலைக்கு விற்றதற்குச் சமம். எம் மாமன் ஆறு மாதம் கூலி வேலைக்கும், ஆறு மாதம் பம்பைக்கும் சென்றவர்.

பேருந்து எட்டாத ஊர்களுக்கு நடந்தே செல்வர். சில ஊரார் மாட்டு வண்டி அனுப்புவதும் உண்டு. மாலையில் போய்ச் சேர்ந்தவுடன் முதல் வேலை, தோலைப் பதம் பார்ப்பது. பறையாயின் வைக்கோலை எரித்து அனலில் காட்டி, அடிக்குச்சியாலும் சிம்புக்குச்சியாலும் தட்டி, ஓசை நிமிர்ந்த பிறகே தோளில் மாட்டுவர். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும் ஆட்டம் கிழக்கு வெளுக்கும்வரை நீளும். சாமியாடி அருள் இறங்கும் வரையில் பம்பைக்காரன் கை ஓயக் கூடாது. இறங்கிய பிறகும் அவர் ஆட்டத்தின் வேகத்துக்கு அடி மாறிக்கொண்டே வர வேண்டும். அந்த நேரத்தில் ஊரே பம்பைக்காரன் கையை நம்பி நிற்கும். பொழுது விடிந்ததும் அதே கைக்குத் தேநீர் வேறு குவளையில் வரும்.

எம் மாமன் சென்ற செட்டில் பல சாதியாரும் கலந்திருந்தனர். சாலையில் புளியமரத்தடியில் எல்லாரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து உண்டனர். ஊர் எல்லைக்குள் நுழைந்தவுடன் பந்தி பிரிந்துவிடும். நாகசுரக்காரருக்குத் திண்ணை, பம்பைக்கும் தமுக்குக்கும் தொழுவத்து ஓரம். கரகம் ஆடிய பெண்களின் நிலை இன்னும் கொடிது. உடைமாற்ற மறைவிடம் இராது. பணம் குத்துகிறேன் என்று வருவோரின் கையைத் தட்டிவிட்டுச் சிரிக்கவும் வேண்டும். அவர்களைப் பற்றி இழிவாகப் பேசியோர் நம்முள்ளும் இருந்தனர். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் பழைய காரைத் தள்ளிக்கொண்டு செல்லும் செட்டைக் கண்டு நாடே சிரித்தது. எம் மாமனும் சிரித்தார். வெளியே வந்தபின், “கார் எல்லாம் நமக்கு ஏதுடா தம்பி” என்று மட்டும் சொன்னார்.

எம் மாமனுக்கு எழுத்தறிவு இல்லை. அச்சாரம் வாங்கிய நாளையும் ஊரையும் நினைவிலேயே வைத்திருப்பார். ஒரு முறை ஏஜெண்டு ஒருவர் ஐந்து ஆட்டத்துக்கு நான்கு என்று கணக்குக் காட்டிவிட்டார். சாட்சி சொல்ல ஆளில்லை. அன்றிரவு அவர் எம் வீட்டுக்கு வந்து, ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எம்மை அழைத்து, ஒரு கோடு போட்ட நோட்டைக் கையில் கொடுத்தார். அது முதல் ஊர், தேதி, பேசிய தொகை, அச்சாரம், பாக்கி என்று ஐந்து கட்டங்கள் போட்டு எழுதிவந்தோம். பாக்கி நின்ற இடங்களில் சிவப்பு மை. அடுத்த ஆண்டு அந்த நோட்டை நீட்டியபோது ஏஜெண்டு பேச்சு மூச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்தாராம். எமக்குப் பள்ளிச் சம்பளம் கட்டும் நிலை அந்நாளில் இல்லையெனினும், பரீட்சைக்கு வேண்டிய நோட்டும் பேனாவும் பம்பைக் காசில் வந்தவையே.

இவ்வளவும் அறிந்திருந்தும் ஆசிரியரான பின் நாம் செய்த தவறு ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஆட்டக்காலமும் பொதுத் தேர்வும் ஒரே பருவத்தில் வருபவை. பங்குனிப் பொங்கலுக்குத் தாளம் போடச் சென்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வுக்கு வரவில்லை. அவனை அழைத்து, “தாளமா, படிப்பா, ஒன்றைச் சொல்” என்று கடிந்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் வரவும் இல்லை. அவன் தந்தை வாங்கிய முன்பணத்துக்காகவே அவன் சென்றான் என்பது பிறகே தெரிந்தது. அதன்பின் பங்குனியில் வரும் ஊர்களின் பட்டியலைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கி, அவர்களுக்குப் பகலில் தனியே பாடம் நடத்தும் வழக்கத்தை மேற்கொண்டோம். அவ்வாறு தேறியவர்கள் இருக்கிறார்கள். அந்த முதல் மாணவன் இருக்கவில்லை.

பறையைத் தொடமாட்டோம் என்று உறுதி பூண்ட முன்னோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கூலியின்றி, மறுக்க வழியின்றி, இழவுச் செய்தி சொல்லவும் பிணத்தின் முன் கொட்டவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடுத்தது. 1950க்குப் பிறகும் பல ஊர்களில் கொட்ட மறுத்தவர்கள் அடிபட்டனர், ஊர்விலக்கம் செய்யப்பட்டனர். அந்த மறுப்பு ஒரு போராட்டம். ஆயினும் மறுக்கப்பட்டது கட்டாயம், கருவியன்று. பேசிய பணத்துக்கு, பேசிய நேரத்துக்கு, விரும்பிய ஊருக்குச் சென்று வாசிப்பது தொழில். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் கையில் கலை இருந்தவர்களே நம் கூட்டங்களில் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றனர். எம் மாமன் நம் சங்கத்தின் தொடக்க நாள் கூட்டங்களுக்கு வந்து, வாசல் ஓரத்திலேயே நின்று திரும்பியதை நாம் கண்டுள்ளோம்.

காலம் இப்போது வேறு பக்கமும் திரும்பியுள்ளது. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியது. அவ்வாண்டிலேயே நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியமும் ஏற்பட்டது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டினர். 2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் பணம் கட்டிப் பறை பயில்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் மேடையேறிய பறைக்குக் கிட்டிய மதிப்பு, விலக்கில் பேருந்துக்கு நிற்கும் பம்பைக்கு இன்னும் வரவில்லை. நம் பகுதித் திருவிழாக்களிலேயே செண்டை மேளம் வந்து இடம் பிடித்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். மறு ஆண்டும் பாதி ஆட்டக்காலம் போயிற்று. வாரியத்தில் பதிந்திருந்தோர்க்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது. எமக்குத் தெரிந்த சிலர் பதியவே இல்லை. விண்ணப்பம் எழுதித்தர ஆளில்லை என்றனர். படித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊரில் இப்படிச் சொன்னார்கள்.

எம் மாமனின் நோட்டு எம்மிடம் இன்றும் உள்ளது. முதல் பக்கங்களில் அச்சாரம் பெற்றதற்கு அவருடைய பெருவிரல் ரேகை. நடுப்பக்கங்களில், கோணல் மாணலாக, எம்மிடம் பழகிய கையெழுத்து. வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, மம்சாபுரம், இருக்கன்குடி என்று ஊர்ப்பெயர்கள் நிரம்பியுள்ளன. எதிரே சிவப்பு மையில் நின்ற பாக்கிகளும் உள்ளன. இதுபோன்ற நோட்டோ, அச்சாரச் சீட்டோ, திருவிழா நோட்டீசோ, செட்டுடன் எடுத்த நிழற்படமோ எந்த வீட்டுப் பரணில் இருப்பினும் சங்க நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். எம்முடையதை விழா நாளன்று கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.