ஊர்தோறும் ஒரு கல்



பிரான்ஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மருமகன் கார் ஓட்ட, லிமோஜ் நகருக்குக் கிழக்கே உள்ள மலைக் கிராமங்களில் நான்கு நாள் நிதானமாகச் சுற்றினோம். நல்ல குளிர்காலம். காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரொட்டிக் கடையில் மட்டும்தான் ஆள் நடமாட்டம்.

ஆனால் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு நினைவுக் கல் நின்றது. முதல் உலகப் போரில் இறந்த அவ்வூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. பிரான்ஸில் சுமார் 35,000 ஊராட்சிகள். மிகச் சில தவிர எல்லாவற்றிலும் இது உண்டு. பெரும்பாலானவை போர் முடிந்த சில ஆண்டுகளில், ஊரார் பணம் திரட்டியும் அரசு கொஞ்சம் உதவியும் எழுப்பியவை.

வகுப்பில் "பிரான்ஸ் சுமார் 13 லட்சம் வீரர்களை இழந்தது" என்று ஒரு வரியில் படித்தோம் அல்லவா? அந்த வரியின் பொருள் இங்கேதான் புரிகிறது. பத்து வீடுள்ள ஊரிலும் கல்லில் பெயர்கள் நீள்கின்றன. ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வருகிறது. அண்ணன் தம்பிகளாக இருக்கலாம்.

கிராமங்களுக்கு ஏன் இவ்வளவு இழப்பு? தொழிலாளர் பலரை 1915-இல் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். உழவர்கள் பதுங்கு குழியிலேயே இருந்தார்கள். 1914 ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். வயலில் அறுவடைக் காலம் அது.

பல கற்களின் மேல் வெற்றி வீரன் சிலை இருக்கும். ஜான்ட்டியூ என்ற சிற்றூரில் மட்டும் வேறு. 1922-இல் அங்கே வைத்தது, தந்தையை இழந்த ஒரு பள்ளிச் சிறுவனின் சிலை. காலில் மரச் செருப்பு, ஒரு கையில் தொப்பி. மறு கை முஷ்டியை நீட்டுகிறான், "போர் நாசமாய்ப் போகட்டும்" என்ற வாசகத்தை நோக்கி. அரசு அதிகாரி அதைத் திறந்துவைக்க மறுத்தார். ஊரார் எடுத்துவிடவில்லை. இன்றும் நிற்கிறான்.

ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று ஊர்களில் இந்தப் பெயர்களை உரக்கப் படிக்கிறார்கள். பல இடங்களில் படிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த போர் நினைவிடமும் இந்த வரிசையில் வருவதுதான். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களுக்கானது. அடுத்த முறை போகும்போது படம் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.