மருந்துக் கடை வாசலில் நத்தார்

மார்கழி வந்தால் நமது வாலிபர் ஐக்கியத்தில் பலர் டிஸ்ட்டிலரி டிஸ்ட்ரிக்ட் நத்தார் சந்தைக்குப் போய் வருவீர்கள். நீங்கள் நின்று படம் எடுக்கும் அந்தச் செங்கல் கட்டடங்கள் முன்பு கூடர்ஹாம் அன்ட் வோர்ட்ஸ் விஸ்கி ஆலையாக இருந்தன. 1837 முதல் அங்கே மது வடித்தார்கள். முதலாம் உலகப் போரின்போது விஸ்கி நின்று, வெடிமருந்துக்கு வேண்டிய அசிற்றோன் தயாரானது. அதே காலத்தில்தான் ஒன்ராறியோ முழுவதும் மது விற்பனையும் நின்றது.

1916 செப்டம்பர் 16ஆம் திகதி மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன், பப்ரிஸ்த சபைகளும் கிறிஸ்தவப் பெண்கள் சங்கங்களும் பல்லாண்டுகள் உழைத்திருந்தன. அவர்களை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் கணவனின் வாரச் சம்பளம் வீடு வந்து சேராத பெண்களுக்கு அது கேலிக்குரிய விஷயமாக இருக்கவில்லை. 1919இல் நடந்த வாக்கெடுப்பிலும் மக்கள் தடையை ஆதரித்தார்கள்.

சட்டத்தில் சில விலக்குகள் இருந்தன. திருவிருந்து இரசத்துக்குத் தடையில்லை. ஒன்ராறியோ திராட்சையில் செய்த வைனுக்கும் தடையில்லை. பெரிய வாசலைத் திறந்துவிட்டது மருந்து என்ற விலக்குத்தான். மருத்துவர் சீட்டு எழுதினால் விஸ்கியும் பிராந்தியும் வாங்கலாம். நத்தார் நெருங்க நெருங்க ஊரில் நோயாளிகள் பெருகினார்கள்! போத்தல் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் வருத்தக்காரர்போல நடிக்கவேண்டும் என்று நகைச்சுவை எழுத்தாளர் ஸ்டீபன் லீகொக் கிண்டல் செய்தார். எல்லா மருத்துவர்களையும் குறை சொல்லமுடியாது. 1918 இன்ஃபுளுவென்சா பரவியபோது விஸ்கி நோயைத் தணிக்கும் என்று மனதார நம்பியவர்களும் இருந்தார்கள்.

தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பரிச்சயமாகத் தெரிந்தது. குடிப்பதே இல்லை என்று சொல்லும் நமது வீடுகளிலும், அலுமாரியின் பின்பக்கம் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். "தடிமனுக்கு ஒரு மூடி பிராந்தி." குளிருக்கும் அதுதான். பிராந்தி உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரியும், முகம் சூடாகும். உண்மையில் உடம்பின் உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாக வெளியேறுகிறது. உடம்பைச் சூடாக்கும் நடுக்கமும் குறைந்துவிடும். மைனஸ் 15இல் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இதைவிட மோசமான மருந்து கிடையாது. தடிமனுக்கு ஏற்கெனவே டைலனோல் போட்டிருக்கும் அம்மம்மாவுக்கு மேலே பிராந்தியும் கொடுத்தால் ஈரலுக்கு இரட்டைப் பாரம். வயதானவர்கள் இரவில் எழுந்து விழுவதற்கும் அந்த மூடி போதும். மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவசரப் பிரிவில் "மது எடுத்தாரா?" என்று கேட்டால் குடும்பம் ஒரே குரலில் "இல்லை" என்கிறது. பொய் சொல்லவேண்டும் என்றல்ல, அது அவர்களுக்கு மது இல்லை.

1927இல் அரசு தானே கடை திறந்தது; அதுதான் எல்சிபிஓ. வாங்குபவர் 2 டொலர் கொடுத்து அனுமதிப் புத்தகம் எடுக்கவேண்டும், வாங்கியதெல்லாம் அதில் பதியப்படும். மருந்துக் கடை வரிசைகள் மறைந்தன. ஜங்ஷன் பகுதி மட்டும் 1904இல் வாக்களித்துக் கொண்டுவந்த தன் சொந்தத் தடையை விடவில்லை. உங்கள் பெற்றோர் பலர் கனடா வந்து சேர்ந்த பிறகும், ஏறக்குறைய 2000 வரை, அந்த டன்டாஸ் வீதி உணவகங்களில் ஒரு கிளாஸ் வைன் கிடைக்காது.